முதல் சைக்கோசிஸுக்குப் பிறகு: மாத்திரையோடு எந்த உளவியல் சிகிச்சையைச் சேர்ப்பது?

"கவுன்சலிங் கொடுத்துப் பார்க்கலாமா, டாக்டர்?" முதல் முறையாகச் சைக்கோசிஸ் கண்ட பிள்ளையை வார்டிலிருந்து வீட்டுக்கு அழைத்துப் போகும் பெற்றோர் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். சிக்கல் 'கவுன்சலிங்' என்ற சொல்லில் இருக்கிறது. அந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது ஐந்து வெவ்வேறு வேலைகள் அடங்கியிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஆகும் காலம் வேறு, செலவு வேறு, கிடைக்கும் பலனும் வேறு. எது கிடைக்கிறதோ அதில் சேர்த்துவிட்டு, ஆறு மாதம் கழித்து 'பயனில்லை' என்று விட்டுவிடும் குடும்பங்கள் ஏராளம்.

சைக்கோசிஸ் என்பது தனியொரு நோயின் பெயரல்ல. யாரும் பேசாதபோது காதில் குரல் கேட்பது, யாரோ தன்னைக் கண்காணிப்பதாக அசைக்க முடியாமல் நம்புவது, பேச்சு கோவையற்றுப் போவது ஆகியவை சேர்ந்த ஒரு நிலை. மனச்சிதைவிலும் (ஸ்கிசோஃப்ரினியா) வரும், இருதுருவக் கோளாறிலும் (பைபோலார்) வரும். கடும் மனச்சோர்வு, கஞ்சா, பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்கள் ஆகியவற்றிலும் வரலாம். பெரும்பாலும் பதினாறுக்கும் முப்பதுக்கும் இடையில் தொடங்குகிறது. இந்த ஒப்பீடு, தமிழ்நாட்டில் அந்த வயதில் முதல் முறை பாதிக்கப்பட்டு, மருந்து தொடங்கி, கொந்தளிப்பு அடங்கிவரும் ஒருவரின் குடும்பத்துக்காக.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. சில நாட்களில் அல்லது வாரங்களில் திடீரென வந்த குழப்பத்தோடு காய்ச்சல், வலிப்பு, உடல் விறைத்துப்போதல், நினைவு தவறுதல் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் அது மூளை அழற்சியாக இருக்கலாம். அங்கே முதலில் வேண்டியது நரம்பியல் மருத்துவர்.

மாத்திரைக்குப் பதிலாக அல்ல

முதலில் ஒன்றைத் தீர்த்துக்கொள்வோம். நோய் மனச்சிதைவு வகை என்றால், மாத்திரையை நிறுத்திவிட்டுப் பேச்சு சிகிச்சை மட்டும் எடுப்பதை இந்தப் பட்டியலில் சேர்க்க முடியாது. முதல் பாதிப்பிலிருந்து மீண்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 1999இல் வெளியான நியூயார்க் ஆய்வில், ஐந்து ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 82 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. மருந்தை நிறுத்தியவர்களுக்கு அந்த ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்கு. மருந்தை மறுத்த 74 பேரிடம் பேச்சு சிகிச்சையை மட்டும் பரிசோதித்த ஆய்வு ஒன்று இங்கிலாந்தில் 2014இல் வெளிவந்தது. ஓரளவு பலன் தெரிந்தது. ஆய்வு சிறியது, நடுவில் விலகியவர்களும் கணிசம். மாத்திரை வேண்டாம் என்று அடம்பிடிப்பவரைக் கைவிட வேண்டியதில்லை என்று மட்டுமே அதை வைத்துச் சொல்லலாம். நன்றாக இருப்பவரின் மாத்திரையை நிறுத்த அது அனுமதிச் சீட்டு அல்ல.

மாத்திரை குரலை அடக்கும், சந்தேகத்தின் பிடியைத் தளர்த்தும். படுக்கையை விட்டு எழும் உற்சாகத்தையும், விட்டுப்போன அரியர் பேப்பரையும், அறுந்த நட்பையும் அதனால் திருப்பித் தர முடியாது. உளவியல் சிகிச்சைகளுக்கு வேலை அங்கேதான்.

தாமதம் என்னும் செலவு

எந்தச் சிகிச்சை என்பதைவிட எப்போது தொடங்குகிறோம் என்பது பெரிய விஷயம். அமெரிக்காவின் 21 மாநிலங்களில் 34 மையங்களில் 404 பேரை வைத்து நடந்த 'ரெய்ஸ்' ஆய்வின் முடிவு 2015இல் வெளியானது. மருந்து, குடும்பப் பயிற்சி, தனிநபர் சிகிச்சை, வேலை உதவி ஆகிய நான்கையும் ஒரே குழு கொடுத்தபோது வழக்கமான சிகிச்சையைவிட நல்ல பலன் கிடைத்தது. ஆனால் அதற்குள் இன்னொரு கணக்கும் இருந்தது. அறிகுறி தொடங்கியதிலிருந்து சிகிச்சைக்கு வந்து சேர அங்கே பாதிப் பேருக்கு 74 வாரமோ அதற்கு மேலோ ஆகியிருந்தது. அதைவிடச் சீக்கிரம் வந்தவர்களுக்கே கூடுதல் பலன் பெரிதாகத் தெரிந்தது. நார்வேயின் ஸ்டாவாங்கர் பகுதியில் செய்தித்தாள், பள்ளி, குடும்ப மருத்துவர் என எல்லா வழியிலும் பிரசாரம் செய்து, 26 வாரமாக இருந்த இந்தத் தாமதத்தை ஐந்து வாரமாகக் குறைத்தார்கள். பிரசாரத்தை நிறுத்தியதும் மறுபடி ஏறியது.

நம் ஊரில் இந்த வாரங்கள் கரைவது பெரும்பாலும் கோடங்கி, தர்கா, கோயில், ஜாதகம் என்ற வரிசையில். கும்பிடப் போவதில் ஒரு தவறும் இல்லை. 'மூணு அமாவாசை பார்த்துட்டு அப்புறம் ஆஸ்பத்திரி' என்பதில்தான் தவறு. மந்திரிப்பும் மருந்தும் ஒரே வாரத்தில் நடக்கலாம். கட்டிவைப்பது மட்டும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்த 28 பேர் தப்ப முடியாமல் கருகினார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது.

குடும்பப் பயிற்சி

எங்கள் கணிப்பில், ஒன்றைத்தான் சேர்க்க முடியும் என்றால் தமிழ்நாட்டுக் குடும்பம் முதலில் எடுக்க வேண்டியது இதை. காரணம் எளிது. இங்கே நோயாளி தனியறையில் வாழ்வதில்லை. அம்மா, அப்பா, அண்ணி, தாத்தா என்று நாள் முழுக்க யாரோ ஒருவர் பக்கத்தில் இருக்கிறார். அந்த நெருக்கம் மருந்தாகவும் ஆகலாம், நெருப்பாகவும் ஆகலாம்.

லண்டனில் 1976இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு இதை அளந்து காட்டியது. குத்தல் பேச்சு, வெறுப்பு, அளவுக்கு மீறிய பொத்திவைப்பு ஆகியவை மிகுந்த வீடுகளுக்குத் திரும்பியவர்களில் ஒன்பது மாதத்துக்குள் ஏறத்தாழ பாதிப் பேருக்கு நோய் திரும்பியது. அவை குறைந்த வீடுகளில் 13 சதவீதம் பேருக்குத்தான். வாரத்துக்கு 35 மணிக்கு மேல் முகத்துக்கு முகம் இருக்க நேர்ந்தவர்கள் நிலை இன்னும் மோசம். அதே அளவுகோலைச் சண்டிகரில் வைத்துப் பார்த்தபோது, அப்படிப்பட்ட வீடுகள் நான்கில் ஒன்றுக்கும் குறைவாகவே இருந்தன. குடும்பம்தான் நோயை உண்டாக்கியது என்று இதற்குப் பொருள் இல்லை. அப்படிச் சொல்லும் சிகிச்சையாளரிடம் இரண்டாம் முறை போக வேண்டியதில்லை.

சென்னையில் 1984இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமும் கனடாவின் மான்ட்ரியால் குழுவும் ஒரே முறைப்படி முதல் பாதிப்புக்காரர்களை இரண்டு ஆண்டு கவனித்து ஒப்பிட்டன. குரல், சந்தேகம் போன்றவை தணிவதில் இரு ஊருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. முடங்கிக்கிடத்தல், பேச்சு குறைதல் போன்ற அறிகுறிகளில் சென்னை முந்தியது. குடும்பத்தார் சிகிச்சையில் பங்கெடுத்ததும் சென்னையில்தான் அதிகம். பணக்கார நாட்டின் மருத்துவமனை வசதிக்கு எதிரில் நம்மிடம் இருக்கும் சொத்து இது என்று சொல்லலாம். ஆனால் பயிற்சி இல்லாவிட்டால் அந்தச் சொத்து சீக்கிரம் தேய்ந்துபோகும்.

எந்தச் சிகிச்சை பயனுள்ளது என்று பரிந்துரைக்கும் இங்கிலாந்து அரசு அமைப்பான நைஸின் வழிகாட்டி குறைந்தது 10 அமர்வு, மூன்று மாதம் முதல் ஓர் ஆண்டுக்குள் என்கிறது. முடிந்தவரை நோயாளியும் உட்கார வேண்டும். முதல் இரண்டு மூன்று அமர்வுகள் நோயைப் பற்றி: எது அறிகுறி, எது குணம், எது மாத்திரையின் பக்கவிளைவு. 'சோம்பேறி' என்று வீடு திட்டுவதில் பாதி நோயின் முடக்கம், மீதியில் ஒரு பங்கு மாத்திரையின் தூக்கம் என்று புரிந்தாலே வீட்டில் சத்தம் குறையும். அடுத்த சில அமர்வுகள் பேச்சுக்கு. 'எப்பப் பார்த்தாலும் படுத்தே கிடக்கிற' என்பதை, 'நேத்து நீ கடைக்குப் போயிட்டு வந்தது நல்லா இருந்துச்சு, இன்னிக்கு அஞ்சு மணிக்குச் சேர்ந்து போலாமா?' என்று மாற்றிச் சொல்லிப் பழக வேண்டும். வாயால் சொல்லிப் பார்க்காமல் இது வராது. அதனால் அமர்விலேயே நடித்துப் பார்க்க வைப்பார்கள். பிறகு பிரச்சினை தீர்க்கும் முறை: ஒரே ஒரு பிரச்சினையை எடு, எல்லோரும் வழி சொல்லட்டும், நிறைகுறை பார், ஒன்றைத் தேர்ந்தெடு, யார் எப்போது செய்வது என்று எழுது, ஒரு வாரம் கழித்துச் சரிபார். 'இரவு மாத்திரையை யார் எடுத்துக் கொடுப்பது' போன்ற சின்ன விஷயத்தில் தொடங்குவதே நல்லது. 'இவன் எதிர்காலம்' என்று தொடங்கினால் அழுகையில் முடியும்.

இது எங்கே கெடுகிறது? அம்மா மட்டும் வருவார். வீட்டில் முடிவெடுக்கும் அப்பாவோ மாமாவோ வரமாட்டார். அம்மா கற்றுக்கொண்டு போனதை ஒரே இரவில் அவர் ரத்து செய்துவிடுவார். ஆகவே முதல் அமர்வுக்கே அவரை வரவழையுங்கள், தேவைப்பட்டால் டாக்டரைவிட்டே கூப்பிடச் சொல்லுங்கள். இன்னொரு கோளாறு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நடக்கும் சொற்பொழிவைக் குடும்பச் சிகிச்சை என்று நினைத்துக்கொள்வது. அது தகவல். தகவல் மட்டும் நோய் திரும்புவதைத் தடுப்பதில்லை.

இந்த வேலைக்குக் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்தான் வேண்டும் என்பதில்லை. பயிற்சி பெற்ற மனநலச் சமூகப் பணியாளரோ செவிலியரோ போதும். தமிழ்நாட்டின் கிராமப்புறம் உட்பட இந்தியாவின் மூன்று இடங்களில் 282 மனச்சிதைவு நோயாளிகளிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், உள்ளூர்க்காரர்களைப் பயிற்றுவித்து ஓராண்டு வீடுதேடி அனுப்பினார்கள். அறிகுறியும் இயலாமையும் குறைந்தன. மிதமான குறைவுதான், ஆனால் ஊரிலேயே கிடைத்த குறைவு.

சிபிடி

அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்ற நீளமான பெயரை யாரும் சொல்வதில்லை. சிபிடி என்றே வழங்குகிறது. சைக்கோசிஸுக்கான சிபிடி, பதற்றத்துக்குச் செய்யும் சிபிடி அல்ல. தனியாள் அமர்வு, குறைந்தது 16. இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இதன் பலன் விளம்பரப்படுத்தப்படும் அளவுக்கு இல்லை. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2014இல் வெளியான பெரிய தொகுப்பாய்வில் பலன் சிறியது என்ற அளவிலேயே இருந்தது. யாருக்கு எந்தச் சிகிச்சை என்று தெரியாமல் மதிப்பிட்ட ஆய்வுகளில் இன்னும் சுருங்கியது. ஆனாலும் மாத்திரை சரியாகப் போட்டும் குரல் விடாமல் துரத்தும் ஒருவருக்கு அந்தச் சிறிய பலனே வேலைக்குப் போவதற்கும் போகாமலிருப்பதற்கும் உள்ள இடைவெளியாக இருக்கலாம்.

முதல் மூன்று நான்கு அமர்வுகளில் சிகிச்சையாளர் எதையும் மாற்ற முயலமாட்டார், முயலவும் கூடாது. கேட்பார், நம்பிக்கை சம்பாதிப்பார். பிறகு குரலுக்கு ஒரு குறிப்பேடு: மணி, இடம், குரல் சொன்னது, நான் செய்தது, பிறகு அதன் உரப்பு பத்துக்கு எத்தனை. இரண்டு வாரம் எழுதினால் ஒரு ஒழுங்கு வெளிப்படும். தூக்கம் கெட்ட மறுநாள், தனியாக இருக்கும் மதியம், வீட்டில் சண்டை நடந்த இரவு என்று. அடுத்தது, அந்த நேரத்தில் எது உதவுகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பது. சிலருக்கு வாய்விட்டுப் படிப்பதும் பாட்டு முணுமுணுப்பதும் குரலை மங்கச் செய்யும். சிலருக்கு ஒரு காதில் மட்டும் இயர்போன்.

நம்பிக்கைகளை மோதி உடைக்க முடியாது. 'கண்டக்டர் எனக்குத்தான் விசில் அடித்துச் சைகை காட்டுகிறார்' என்பவரிடம் 'அப்படியெல்லாம் இல்லப்பா' என்பது வீட்டிலேயே நூறு முறை நடந்து முடிந்த சிகிச்சை. சிகிச்சையாளர் கேட்பது வேறு: நூற்றுக்கு எவ்வளவு உறுதி? விசிலுக்கு வேறு என்னென்ன காரணம் இருக்கலாம்? நீங்கள் ஏறாத பேருந்துக்கும் விசில் அடிக்கிறாரா என்று மூன்று நாள் நிறுத்தத்தில் நின்று எண்ணிப் பார்ப்போமா? நூறு என்பது எழுபதாக இறங்கினால் அதுவே வெற்றி. மீண்டும் பேருந்தில் ஏற அது போதும். செய்வினை என்று குடும்பம் நம்பினால் அதையும் 'ஒரு சாத்தியம்' என்று தாளில் எழுதிக்கொண்டு நகரத் தெரிந்தவரே இங்கே தேறுவார். கேலி செய்தால் நான்காம் அமர்வுக்கு யாரும் வரமாட்டார்கள்.

கெடுவதற்கான வழிகள்: கொந்தளிப்பு அடங்குமுன் தொடங்குவது, ஐந்தாறு அமர்வில் நிறுத்துவது, ஆங்கில வொர்க்‌ஷீட்டைத் தமிழ் மட்டும் தெரிந்தவரிடம் நிரப்பச் சொல்வது, மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்துவிட்டு அதற்குச் சிபிடி என்று ரசீது போடுவது. சேருமுன் நேராகக் கேளுங்கள்: இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு உண்டா, சைக்கோசிஸ் உள்ளவர்களோடு இதுவரை வேலை செய்திருக்கிறீர்களா, மொத்தம் எத்தனை அமர்வு, மனநல மருத்துவரோடு நீங்கள் பேசுவீர்களா. கடைசிக் கேள்விக்கு 'அவசியமில்லை' என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

செலவையும் முன்பே கூட்டிக்கொள்ள வேண்டும். தனியாரிடம் அமர்வுக்கு 1,000 ரூபாய் என்று வைத்தால் 16 அமர்வுக்கு 16,000. வெளியூர் என்றால் பேருந்துக் கட்டணமும் கூட வருபவரின் ஒருநாள் கூலியும் தனி. பாதியில் பணம் தீர்ந்து நிற்பதைவிட, குடும்பப் பயிற்சியை முடித்துவிட்டு, குரல் மிச்சமிருந்தால் மட்டும் இதற்கு வருவது புத்திசாலித்தனம்.

வேலைக்கும் படிப்புக்கும் துணைநிற்பது

இதைச் சிகிச்சை என்று பலர் எண்ணுவதே இல்லை. முன்பெல்லாம் முதலில் பயிற்சிக்கூடம், மெழுகுவத்தி, காகிதப் பை, பிறகு ஒருநாள் வேலை என்று நடந்தது. அந்த 'ஒருநாள்' பெரும்பாலும் வரவில்லை. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் 1990களில் உருவான முறை இதைத் தலைகீழாக்கியது: ஆள் விரும்பும் உண்மையான வேலையை உடனே தேடு, சேர்த்துவிடு, பிறகு கூடவே நின்று பழக்கு. முழுதாகக் குணமான பிறகு என்று காத்திருப்பது கிடையாது. நம் சூழலில் தெரிந்தவர் கடையில் காலை மூன்று மணி நேரம், அல்லது ஐந்து அரியரில் இந்த செமஸ்டருக்கு இரண்டு மட்டும் என்று இதைச் சுருக்கிக்கொள்ளலாம். காலையில் எழ முடியாதபடி மாத்திரை தூக்கம் தந்தால் வேலையை விடாமல் டாக்டரிடம் மருந்து நேரத்தை மாற்றக் கேளுங்கள்.

நினைவாற்றல், கவனம் ஆகியவற்றுக்கான கணினிப் பயிற்சிகளும் உண்டு. போகவேண்டிய ஒரு வேலையோடு அவை இணைந்தால் பயன். தனியாக விளையாடினால் விளையாட்டில் மட்டும் கெட்டிக்காரர் ஆவார்.

இந்த இடத்தில் சொல்லித்தான் ஆக வேண்டும்: கல்யாணம் புனர்வாழ்வுத் திட்டம் அல்ல. 'ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடும்' என்று நோயை மறைத்து, மணமேடைக்காக மாத்திரையையும் நிறுத்தி நடத்தும் திருமணம் அநேகமாக அடுத்த அட்மிஷனில் முடியும். அப்போது இரண்டு பேர் வாழ்க்கை அதில் சிக்கியிருக்கும்.

எல்லாம் ஒரே கூரையில்

மெல்பர்னில் 1992இல் தொடங்கிய மையத்திலிருந்து பரவிய முறை இது. ஒரே குழுவில் மருத்துவர், குடும்பப் பயிற்சி, சிபிடி, வேலை உதவி எல்லாம்; ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பாளர்; இரண்டு மூன்று ஆண்டு. இங்கிலாந்தில், பரிந்துரை வந்த இரண்டு வாரத்துக்குள் குறைந்தது பாதிப் பேருக்காவது சிகிச்சை தொடங்கவேண்டும் என்ற அரசு அளவுகோல் 2016இல் வந்தது; பின்னர் அது உயர்த்தப்பட்டது. பத்து ஆய்வுகளை, 2,176 பேரை, சேர்த்துப் பார்த்த 2018 தொகுப்பாய்வில் அறிகுறி, மருத்துவமனைச் சேர்க்கை, வேலை என எல்லாவற்றிலும் வழக்கமான சிகிச்சையை இது மிஞ்சியது. ஆனால் டென்மார்க்கில் 547 பேரோடு நடந்த ஆய்வில் இரண்டாம் ஆண்டில் தெரிந்த லாபத்தில் பெரும்பகுதி ஐந்தாம் ஆண்டில் மறைந்துவிட்டது. இரண்டு ஆண்டு முடிந்ததும் குழு கையை விட்டுவிட்டால் என்ன நடக்கும் என்பதை அது காட்டியது.

சென்னைக்காரர்களுக்கு இது எட்டக்கூடியது. மற்ற ஊர்களில் துண்டு துண்டாகச் சேர்க்க வேண்டும்: அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவில் மாத்திரை, மாவட்ட மனநலத் திட்டத்தின் சமூகப் பணியாளரிடம் குடும்ப அமர்வு, சிபிடி தேவைப்பட்டால் ஆன்லைனில். எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் 14416, மத்திய அரசின் டெலி மானஸ்; இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம். 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப் பெயரையே வசையாக்கி வைத்திருக்கிறோம். 1794இல் தொடங்கிய அங்குள்ள அரசு மனநல மருத்துவமனைக்கு வெளிநோயாளியாகப் போய் மாலையில் வீடு திரும்பலாம் என்பதே பலருக்குத் தெரியாது.

தவிர்க்கக்கூடியவை

வெறுமனே மனம்விட்டுப் பேசும் ஆதரவு ஆலோசனையைச் சைக்கோசிஸுக்கான தனிச் சிகிச்சையாக வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது நைஸ். நோயாளிக்கு அது பிடித்திருந்தால் தொடரட்டும், மற்றவற்றின் இடத்தை அது பிடிக்கக் கூடாது. பத்து நாள் மௌன தியான முகாம் கொந்தளிப்பின் விளிம்பில் இருப்பவருக்கு ஆபத்து. யோகா வேறு கதை. பெங்களூருவின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸின் ஆய்வுகளில் மாத்திரையோடு சேர்த்துச் செய்த ஆசனப் பயிற்சி முடக்க அறிகுறிகளைக் குறைக்க உதவியது. எடை ஏறுவதைக் கட்டுப்படுத்தவும் அது நல்லது.

ஆக, வீட்டின் நிலைமையைப் பார்த்து வரிசை மாறும். வீட்டில் தினமும் சண்டை, மாத்திரை தவறுகிறது என்றால் குடும்பப் பயிற்சி, உடனே. வீடு அமைதி, மாத்திரை ஒழுங்கு, குரல் மட்டும் போகவில்லை என்றால் சிபிடி. இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், போதிய காலம் கொடுத்தும் கேட்காவிட்டால் மற்ற மருந்துகள் பலிக்காதபோது கொடுக்கும் குளோசபின் பற்றி மருத்துவரிடம் கேட்பது அதற்கும் முன்னால். குரல் இல்லை, சந்தேகம் இல்லை, சும்மா படுத்திருக்கிறார் என்றால் முதலில் மனச்சோர்வா என்று பார்க்கச் சொல்லுங்கள், பிறகு வேலை உதவி. கொந்தளிப்பு தணிந்து, நடந்ததெல்லாம் புரியத் தொடங்கும் மாதங்களில்தான் தற்கொலை எண்ணம் பலருக்குத் தலைதூக்குகிறது. 'இப்போ அமைதியா இருக்கான்' என்று கண்காணிப்பைத் தளர்த்தும் நேரமும் அதுவே. கஞ்சா தொடர்ந்தால் அதை நிறுத்தும் வேலை எல்லாவற்றோடும் சேர்ந்தே நடக்கவேண்டும்.

எந்தச் சிகிச்சையை எடுத்தாலும் அதன் கடைசி அமர்வுகளில் ஒரு தாள் தயாராக வேண்டும். முதல் முறை நோய் வருமுன் இவருக்கு என்ன நடந்தது? இரண்டு இரவு தூக்கமின்மை, போனை அணைத்துவைத்தல், ஜன்னலைச் சாத்துதல், சாப்பாட்டை முகர்ந்து பார்த்தல்: ஆளுக்கு ஆள் வேறு, ஒரே ஆளுக்கு ஏறத்தாழ அதே வரிசை. அவற்றை வரிசையாக எழுதி, இரண்டு தெரிந்தால் யார் யாரை அழைப்பது, எந்த மருத்துவர், எந்த எண், அன்றிரவு என்ன மாத்திரை என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு அதே தாளில் குறிக்க வேண்டும். எழுதும்போது நோயாளியே பேனாவைப் பிடிக்கட்டும். ஒரு பிரதி அவர் கையில், ஒன்று மாத்திரை டப்பாவில்.